பதினாறு லட்சத்து அறுபதாயிரம்: தாங்குமா, தாங்காதா?

கேட்டவர் எழுதியது, 12 ஏப்ரல் 2025

எனக்கு வயது 33. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 68,000. மனைவி பள்ளி ஆசிரியை, 24,000. வாடகை 13,000, ஊரில் அப்பா அம்மாவுக்கு 10,000, பையனின் பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 70,000. சேமிப்பு ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. ஒரு எஸ்.யூ.வி. பார்த்து வைத்திருக்கிறேன். கடை விலை 13,60,000. சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து 16,60,000. முன்பணம் 3,60,000 போக 13 லட்சம் கடன், ஏழு வருடம், 9.25 சதவீதம். தவணை 21,081. இருவர் சம்பளத்தில் கால்பங்குகூட இல்லை. தாராளமாக வாங்கலாம் என்பது என் கணக்கு. தவறிருந்தால் சொல்லுங்கள்.

13 ஏப்ரல் 2025

தவணைக் கணக்கு சரி. நானும் தாளில் போட்டுப் பார்த்தேன், பிசகவில்லை. 84 மாதத்தில் 17,70,804 கட்டுவீர்கள், அதில் வட்டி 4,70,804. ஐந்தே வருடத்தில் அடைத்தால் மாதம் 27,144, வட்டி 3,28,640. ஏழு வருடம் என்பது நீங்களே யோசித்து வைத்த காலமா, 21,000 என்ற எண் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று கடைக்காரர் நீட்டிக் கொடுத்த காலமா?

நான் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே கொப்பரைக் களம் வைத்திருப்பவன். காரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாங்கக் கூடாததை வாங்கிய அனுபவம் உண்டு.

2014 மாசியில் ரேக்ளா என்கிற மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு என்று ஒரு ஜோடி காங்கேயம் காளை வாங்கினேன். இரண்டும் மயிலை நிறம், நான்கு பல் வயது. விலை 2,60,000. முழுவதும் கைப்பணம், ஒரு ரூபாய் கடன் இல்லை. அதனால் தாங்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். விடியற்காலையில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் கரையில் வண்டி பூட்டி ஓட்டும்போது, உலகத்தில் எனக்கு மேல் ஒருவனும் இல்லை என்றிருக்கும். பந்தயம் 200 மீட்டர் அல்லது 300 மீட்டர். முடிவது நொடிக் கணக்கில். அந்தச் சில நொடிக்காக வருடம் முழுவதும் வளர்க்க வேண்டும்.

மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டது. தீர்ப்பு வந்த சேதி மாட்டுக்குத் தெரியாது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு வழக்கம்போலத் தீனிக்குக் குரல் கொடுத்தது. ஜோடிக்கு நாளுக்கு 400 ரூபாய். ஐப்பசிவரை வைத்துப் பார்த்துவிட்டு 1,10,000க்குக் கொடுத்தேன்.

தம்பி, நீங்கள் விலையை எழுதியிருக்கிறீர்கள், தவணையை எழுதியிருக்கிறீர்கள். தீனியை எழுதவில்லை.

15 ஏப்ரல் 2025

தீனிக் கணக்கு வந்துவிட்டது. பெட்ரோல் 6,000. காப்பீடு, சர்வீஸ், டயர் எல்லாவற்றையும் மாதமாகப் பிரித்தால் 4,000. தவணையோடு சேர்த்து 31,000. கால்பங்காக இருந்தது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. கார் இன்னும் கடையை விட்டே வெளியே வரவில்லை.

வேலைக்கு பைக்கில்தான் போவேன், கார் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஊருக்குப் போவதற்கும் என்கிறார். திருப்பூரிலிருந்து பழனிக்கு வாடகைக் காரில் போய்வர 3,500 என்று வைத்துக்கொண்டால், 31,000க்கு மாதம் எட்டு முறை போய்வந்து மிச்சமும் இருக்கும். முருகனே ‘போதும், வீட்டில் இரு’ என்று சொல்லிவிடுவார்.

16 ஏப்ரல் 2025

ஈரோட்டுக் கணக்கர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். தவணையில் அசலும் இருக்கிறது, அதைச் செலவு என்று எழுதக் கூடாது, காரின் தேய்மானத்தைத்தான் எழுத வேண்டும் என்கிறார். நியாயம்தான். திரும்பப் போட்டேன்.

முன்பணம் 3.6 லட்சம். தவணை மொத்தம் 17.7 லட்சம். தீனி ஏழு வருடத்துக்கு 8.4 லட்சம். ஆக 29.7 லட்சம். ஏழு வருடம் கழித்து விற்றால் நான்கரை லட்சம் கிடைக்கும் என்று தாராளமாக வைத்தால் நிகரச் செலவு 25.2 லட்சம். 84ஆல் வகுத்தால் மாதம் 30,000.

சண்டை போட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம். முன்பணத்தை நான் மறந்திருந்தேன், விற்றால் வரும் பணத்தை அவர் கழித்தார். ஒன்றுக்கொன்று சரியாகப் போயிற்று. கணக்கருக்கு நன்றி, பழனிக் கணக்கு நிற்கிறது.

அவரே இன்னொன்றும் சொன்னார், இது நான் அறியாதது. காப்பீட்டுக்காரர்கள் கட்டும் மதிப்பு வருடா வருடம் இறங்கும். மூன்று வருடம் முடிந்து நான்காவது தொடங்கும்போது கடை விலையில் 40 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். உங்கள் காருக்கு அது 8,16,000. ஏழு வருடக் கடனில் அன்றைக்கு வங்கிக்கு நீங்கள் தர வேண்டியது ஏறக்குறைய 8,43,000. கார் திருட்டுப் போனால் காப்பீட்டுப் பணம் முழுவதையும் வங்கியில் கட்டிவிட்டு, அதற்கு மேலும் 27,000 கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

17 ஏப்ரல் 2025

முகூர்த்த நாளில் வாடகைக் கார் கிடைக்காது என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். வைகாசியில் முகூர்த்தம் எத்தனை என்று பஞ்சாங்கத்தில் எண்ணிச் சொன்னால் அதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

பத்து லட்சத்துக்குள் பாருங்கள் என்று சொன்னவர் சொன்னது உருப்படியான பேச்சு. தமிழ்நாட்டில் ஐந்திலிருந்து பத்து லட்சம்வரை சாலை வரி 13 சதவீதம். அதைத் தாண்டினால் 18. கடை விலை 9,90,000 ஆனால் வரி 1,28,700. 10,20,000 ஆனால் 1,83,600. முப்பதாயிரத்துக்கு ஆசைப்பட்டு வரியில் ஐம்பத்தைந்தாயிரம் கூடுதலாகக் கொடுக்கும் இடம் அது. மேல்கூரையில் கண்ணாடி வேண்டும் என்பவர்கள் கவனிக்க.

27 ஏப்ரல் 2025

ஒரு திருத்தம். 13ஆம் தேதி எழுதியதை என் மனைவி படித்துவிட்டு உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து என் முன்னால் போட்டார். 2014ஆம் வருடத்துத் தீனி நோட்டு. அவர் எழுதி வைத்திருப்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

பருத்திக்கொட்டை, உளுந்தம் பொட்டு, கொள்ளு, தவிடு, சோளத்தட்டு. காளையைப் பார்த்துக்கொண்ட பையனின் கூலி. லாடம். இரண்டு முறை மருத்துவர் வந்தது. எல்லாம் தேதி வாரியாக. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 610 ரூபாய். நான் பதினோரு வருடமாக எல்லோரிடமும் 400, 400 என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்! பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. தீனிக் கடைக்கு நான் கொடுத்தது மட்டும்தான் என் நினைவில் தங்கியிருக்கிறது. வீட்டுப் பணத்திலிருந்து போனது தங்கவில்லை.

ஆகவே தம்பி, உங்கள் 10,000 தீனியையும் நான் நம்பவில்லை. இப்படிச் செய்து பாருங்கள். காரை வாங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டு மே மாதத்திலிருந்து மாதம் 31,000ஐ வேறொரு கணக்கில் போடுங்கள். ஆறு மாதம். தொடக் கூடாது. கார் இல்லாமல் காரின் பாரத்தை மட்டும் சுமந்து பார்ப்பது. தேருக்கு முன்னால் வெள்ளோட்டம் விடுவதில்லையா, அதுபோல.

14 மே 2025

அவர் ஒத்துக்கொண்டு முதல் மாதத்துப் பணத்தைப் போட்டுவிட்டார். நான் என்ன செய்தேன் என்றால் கண்ணபுரம் சந்தைக்குப் போனேன்.

போயிருக்கக் கூடாது. வருடா வருடம் சித்திரையில் மாரியம்மன் திருவிழாவையொட்டி ஓலப்பாளையம் பக்கம் கூடுகிற மாட்டுச் சந்தை. ‘சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று வீட்டில் சொன்னேன். கார்க் கடைக்குச் சும்மா பார்க்கப் போகிறவர்களை இதே பக்கத்தில் கிண்டல் செய்தவன் நான்தான்.

ஒரு ஜோடி நின்றது. ஆறு பல். திமிலும் கழுத்தும் கருத்து, நெற்றி அகன்று, சுழி சுத்தம். பிடித்திருந்தவர் பேசவே இல்லை. மாடு பேசட்டும் என்று விட்டுவிட்டார். தரகர் துண்டை விரித்துக் கையை உள்ளே விட்டார். அவர் விரலில் சொன்னது நான்கு லட்சத்து இருபதாயிரம். நான் மூன்றே காலில் தொட்டேன். ஏன் தொட்டேன்? வாங்கும் எண்ணமே இல்லாதவன் விரலைத் தொடலாமா? மூன்று எழுபதுக்கு இறங்கியபோது எனக்கு வியர்த்துவிட்டது. கொப்பரை நன்றாக விற்கிற வருடம், வங்கியில் பணம் இருக்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றமே தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது, இனித் தடைப் பயமும் இல்லை. எல்லா நியாயமும் வரிசை கட்டி நின்றன.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். தரகர் இன்னும் நான்கு முறை அழைத்துவிட்டார்.

21 மே 2025

பெருந்துறைப் பக்கத்து அம்மையார் ஒருவர் எழுதியதை எல்லோரும் படியுங்கள். 2019இல், நான் இங்கே போட்ட கணக்கின்படி ஒருபோதும் வாங்கக் கூடாத நிலையில், கடனில் கார் வாங்கியிருக்கிறார். அடுத்த வருடம் அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இரவு பகல் பாராமல் அந்தக் காரில்தான் கொண்டுபோய் வந்திருக்கிறார். ‘உங்கள் நோட்டில் இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் அண்ணா?’ என்று கேட்கிறார்.

எழுத இடமில்லைங்க அம்மா. இரண்டு நாளாக யோசிக்கிறேன். கணக்குப் போட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்ற மிதப்பில்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

22 மே 2025

இருந்தாலும் ஒரு மறுயோசனை. அந்த அம்மையாரின் காருக்கு ஏழு வருடத் தவணை இல்லை, பதினாறு லட்சமும் இல்லை. நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: ஐந்தே கால் லட்சம். அப்பாவைக் கொண்டுபோக நான்கு சக்கரம் வேண்டும் என்பது வேறு, மேல்கூரையில் கண்ணாடி வைத்த நான்கு சக்கரம் வேண்டும் என்பது வேறு. தேவை வந்து வாசலில் நிற்கும்போது ஆசையும் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது.

7 ஜூன் 2025

நேற்று ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, அரை சதவீதம் குறைத்து 5.50 ஆக்கியிருக்கிறது. பிப்ரவரியிலிருந்து மொத்தம் ஒரு சதவீதம். உடனே நான்கு பேர் ‘இதுதான் சமயம்’ என்று எழுதிவிட்டார்கள். கார்க் கடனில் பெரும்பாலும் வட்டி எழுதும்போது எழுதியதுதான் கடைசிவரை. ஏற்கெனவே வாங்கியவருக்கு இதனால் பயன் வருவது அரிது, வாங்கப் போகிறவருக்குச் சில நூறு ரூபாய்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றைச் சொல்கிறேன். கேட்டவருக்குத் தெரிந்த பைனான்ஸ்காரர் ஒருவர் ‘வெறும் எட்டு சதவீதம்’ என்றாராம். எட்டு என்பது நேர்வட்டி. 13 லட்சத்துக்கு ஐந்து வருடமும் முழு அசலுக்கே எட்டு போட்டால் வட்டி 5.2 லட்சம், தவணை 30,333. வங்கியின் 9.25க்கு அதே ஐந்து வருடத் தவணை 27,144. குறையும் அசலுக்கு வட்டி என்று பார்த்தால் அவருடைய எட்டு உண்மையில் பதினான்கு சொச்சம். நம் பக்கத்தில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்று மாத வட்டியில் பேசியே பழகியவர்கள் நாம். வருடத்துக்கு எட்டு என்றால் தர்மம்போலக் காதில் விழுகிறது.

9 ஜூன் 2025

‘போர்வெல் போடுவதும் இதே கணக்குத்தானா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டார். 2017 வறட்சியில் களத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் 800 அடியில் நிறுத்துவோம் என்று தொடங்கினேன். 800இல் புழுதி. ‘இன்னும் நூறு அடி, ஈரம் தெரிகிறது’ என்றார் வண்டிக்காரர். அவருக்கு அடிக்குத்தானே கூலி? 1,100 அடியில் வெள்ளைப் புழுதி வந்தது. ஊரே முகத்தைத் துடைத்துக்கொண்டது.

சீட்டெடுத்து வாங்கலாமே என்று கேட்டவருக்கு: மூன்றாவது மாதமே தள்ளி எடுத்தால் ஐந்து லட்சம் சீட்டில் கைக்கு மூன்றரைதான் வரும், தவணையோ ஐந்துக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு நடத்துபவரின் கழிவு ஏழு சதவீதம்வரை போகலாம். பதிவான சீட்டா என்று பார்த்துச் சேருங்கள். நான் பார்க்காமல் சேர்ந்த கதையை எழுத மனமில்லை.

4 ஜூலை 2025

‘கொப்பரை கிலோ இருநூறைத் தாண்டிவிட்டது, நீங்கள் ஏன் மூக்கால் அழுகிறீர்கள், ஜோடியை வாங்கிவிடுங்கள்’ என்று எழுதிய உடுமலை நண்பருக்கு.

2023இல் இதே கொப்பரை எழுபத்தைந்து, எண்பதுக்கு விற்றது. அப்போது மத்திய அரசின் ஆதரவு விலையே 108 ரூபாய் 60 பைசா. சந்தை அதற்கும் கீழே கிடந்தது. இந்த வருட ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582. சந்தையோ அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. தோப்பு வைத்திருப்பவருக்குக் கொண்டாட்டம்தான். நான் தோப்புக்காரன் அல்ல, களத்துக்காரன். தேங்காயை இந்த விலைக்கு வாங்கி, உடைத்து, காயவைத்து, பெருந்துறை ஏலத்துக்கு அனுப்புகிறேன். முன்பு ஒரு லோடு தேங்காய்க்கு முடங்கிய பணத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இப்போது முடங்குகிறது. களத்தில் காயும்போது மழை பிடித்துப் பூஞ்சணம் பூத்தால் நட்டமும் இரண்டு மடங்கு. வங்கிக் கணக்கில் தெரிகிற தொகையில் பாதி, அடுத்த வாரம் தோப்புக்காரருக்குப் போக வேண்டியது.

மே மாதம் ‘வங்கியில் பணம் இருக்கிறது’ என்று எழுதினேன் அல்லவா? அந்தப் பணம்தான் இது. சந்தையில் நின்றபோது இது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதை இப்போது எழுதும்போது கவனிக்கிறேன்.

19 ஆகஸ்ட் 2025

திருப்பூர்த் தம்பியின் வெள்ளோட்டம் நான்காவது மாதத்தில் நின்றது. மே, ஜூன், ஜூலை போட்டுவிட்டார். அதிலும் ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு அட்டையில் கடன் எடுத்து, அடுத்த மாதம் அடைத்தாராம். ஆவணியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மாமன் சீர் என்றால் தட்டு வைத்துவிட்டு வந்துவிட முடியுமா? ஒரு பவுனில் நகை, துணி, ஒன்பது தட்டு. பவுன் விற்கிற விலையில் அந்த மாதத்து 31,000 போதாமல் மேலும் கையைக் கடித்துவிட்டது.

‘இது எதிர்பாராத செலவு’ என்கிறார். குழந்தைக்குக் காது பிறக்கும்போதே இரண்டு இருந்தது, தம்பி.

28 ஆகஸ்ட் 2025

நேற்றிலிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்குக் கூடுதல் வரி மொத்தம் 50 சதவீதம். 7ஆம் தேதியிலிருந்து 25, நேற்றிலிருந்து இன்னொரு 25. திருப்பூர் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. அவருடைய நிறுவனத்தில் ஜூலையில் இரவு பகலாகத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள், இப்போது இரண்டு லைன் நிற்கிறது. ‘வானம் இடிந்து தலையில் விழுந்ததுபோல் ஆகிவிட்டது அண்ணா, யாருக்குத் தெரியும்’ என்று எழுதியிருக்கிறார்.

நேற்று இரவு முழுவதும் இந்தக் குறிப்பு மனதில் ஓடியது. எழுதியே விடுகிறேன்.

ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்க அதிபர் இந்தியாவுக்கு 26 சதவீதம் என்று அறிவித்தார். 9ஆம் தேதி அதைத் தொண்ணூறு நாளைக்குத் தள்ளிவைத்தார். நீங்கள் கேள்வி எழுதியது 12ஆம் தேதி. உங்கள் வேலையே அமெரிக்காவுக்குச் சட்டை அனுப்புவது. வாடகையை எழுதினீர்கள், பையனின் கட்டணத்தை எழுதினீர்கள், இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் கேட்கவில்லை. நாற்பது பேர் இங்கே வட்டியைப் பற்றியும் முகூர்த்தத்தைப் பற்றியும் அடித்துக்கொண்டோம். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

குற்றம் சொல்லவில்லை. 13ஆம் தேதி நான் எழுதியதையும் திரும்பப் படித்தேன். ‘மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை போட்டது’ என்று, ஏதோ இடி விழுந்ததைப்போல எழுதியிருக்கிறேன். அந்த வழக்கு வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. 2014 மாசியில் டீக்கடையில் உட்கார்ந்தாலே அதுதான் பேச்சு. எனக்கு விற்றவர் அந்த ஜோடியை ஏன் விற்றார் என்று நினைக்கிறீர்கள்? அவருக்கும் காது கேட்டது. எனக்கும் கேட்டது. வாங்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அதுதான் நடந்தது. 610ஐ 400 ஆக்கிய அதே ஆள்தான் இதையும் செய்தான்.

5 செப்டம்பர் 2025

நேற்று முன்தினம் ஜி.எஸ்.டி. கவுன்சில் காருக்கு வரியைக் குறைத்துவிட்டது, 22ஆம் தேதியிலிருந்து. அவர் பார்த்த வண்டி நான்கு மீட்டரைத் தாண்டியது, பெட்ரோல் எஞ்சின் 1500 சி.சி.க்குள். 45 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்குகிறது. 13,60,000 என்பது 13,13,000 சொச்சம் ஆகும். அந்தக் குறைவுக்கான சாலை வரியையும் சேர்த்தால் 55,000 மிச்சம். நான்கு மீட்டருக்குள் இருக்கும் சிறிய பெட்ரோல் காருக்கு 29இலிருந்து 18. அதுதான் பெரிய இறக்கம்.

கேட்டவர் மௌனமாக இருக்கிறார். இது நல்ல மௌனமா கெட்ட மௌனமா தெரியவில்லை.

24 செப்டம்பர் 2025

கெட்ட மௌனம். நேற்று குடும்பத்தோடு கடைக்குப் போயிருக்கிறார். பையனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ‘55,000 குறைந்துவிட்டது அண்ணா.’ சரி. மாதத்துக்கு எவ்வளவு குறைந்தது? கடனை 12,45,000 ஆக்கினால் தவணை 20,189. குறைவது 892 ரூபாய். ஊக்கத்தொகை நின்றதால் உங்கள் சம்பளத்தில் எவ்வளவு குறைந்தது? அதற்கு மட்டும் பதில் வரவில்லை. அவருடைய மனைவியின் கைப்பேசியிலிருந்து வந்தது: ‘6,500.’

23 அக்டோபர் 2025

தீபாவளி முடிந்தது. போனஸ் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பருவத்து ஆர்டர் பற்றி மட்டும் நிறுவனத்தில் யாரும் வாய் திறப்பதில்லையாம்.

கார் வாங்கிவிட்டார். அந்தக் கார் அல்ல. நான்கு வருடம் ஓடிய சிறிய பெட்ரோல் கார், 3,85,000, கைப்பணம். வெள்ளோட்டத்தில் சேர்ந்தது, போனஸ், மீதி சேமிப்பிலிருந்து. சேமிப்பு இப்போது மூன்றரை லட்சத்துக்கு வந்துவிட்டது. ஆர்டர் தெரியாத நேரத்தில் இதையும் செய்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம். எழுதினேன். ‘அப்பாவுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் ஏற முடியவில்லை’ என்று பதில் வந்தது. இதை ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க வேண்டாமே என்றேன். ஏப்ரலில் அவருக்கு வேண்டியிருந்தது மேல்கூரைக் கண்ணாடி, அதனால் முழங்கால் நினைவுக்கு வரவில்லை என்று அவர் மனைவி எழுதினார். இந்த அம்மையாரே முதல் நாளிலிருந்து எழுதியிருக்கலாம்.

முதல் பயணம் பழனிக்கு. பெட்ரோல் 1,100 ஆயிற்றாம். பழனிக் கணக்கைத் திருத்தச் சொல்கிறார்கள். தேய்மானத்தை யார் போடுவது? ஈரோட்டுக் கணக்கர் எங்கே?

16 நவம்பர் 2025

என் கதையை மறைத்தால் தப்பு. ஜோடி வாங்கவில்லை. தரகர் அழைப்பதை நிறுத்திவிட்டார். போன வாரம் பக்கத்து ஊர் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஒரு காளைக்கன்று வாங்கினேன், நான்கு மாதம், 26,000. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்துக்குள் சாம்பலுக்கு மாறும். இது காதுக்குப் பின்னால் மாறத் தொடங்கியிருக்கிறது. ஓட்டத்துக்கு ஆகுமா என்று தெரிய இன்னும் மூன்று வருடம் ஆகும். அதற்குள் கொப்பரை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. எண்பதுக்கு வந்தாலும் இதற்குத் தீனி போடுவேன். இந்தமுறை அந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டேன், எண்பதை வைத்து.

மனைவி பழைய நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி முதல் வரி எழுதியிருக்கிறார். கயிறு, 60 ரூபாய். கயிற்றை வாங்கிக்கொடுத்தது நான், எனக்கு நினைவில்லை.

உடுமலை நண்பர் ஒற்றைக் காளையை வைத்துக்கொண்டு ரேக்ளா ஓட்ட முடியாதே என்று இப்போதே கேட்டுவிட்டார். அதற்கு அடுத்த சித்திரை வரட்டும்.